காலி மாடி யாருக்கு?

ஈப்போ பழைய நகரத்தில் கூட்டமெல்லாம் தரையோடுதான். கீழே காப்பிக்கடை, நினைவுப்பொருள் கடை, படம் எடுக்க வரிசை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேல்மாடியில் உடைந்த சன்னல், காரை வெடிப்பில் வேர்விட்ட அரசங்கன்று. 1985-இல் ஈய விலை சரிந்த பிறகு பிழைப்புத் தேடி ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1997-இல் ரத்தாகி, 2000 பிறந்தபோது முழுதாக விலகியது. அதன்பின் உரிமையாளர் சொன்னதே வாடகை.

இந்த மாடிகளைக் கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் கொடுக்கலாமே என்று நண்பர்கள் பேசும்போதெல்லாம் நானும் தலையாட்டுவேன். பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. பினாங்கில் 1947-இல் கட்டப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட ஹின் பஸ் டிப்போ, 2014-இல் எர்னஸ்ட் சகாரெவிச்சின் கண்காட்சியோடு கலைக்கூடமாகத் திறந்தது.

பொறியாளனாகவும் எனக்கு இதில் ஆசை உண்டு. ஆளில்லாத கட்டடம்தான் சீக்கிரம் சாகும். பீலியில் இலை அடைக்கும், தண்ணீர் சுவரில் இறங்கும், ஈர உத்தரத்தைக் கரையான் பிடிக்கும். ஒருவர் அங்கே இருந்தால் முதல் மழையிலேயே ஒழுக்கு தெரிந்துவிடும். கூரை, மின்கம்பி, தீ பிடித்தால் இறங்க இன்னொரு படிக்கட்டு, இவ்வளவும் சரியானால் மாடி மறுபடி பிழைக்கும்.

ஆனால் ஏன் கலைஞருக்கு? அதே வாடகைக்குத் தையல்கார அக்காவுக்குக் கொடுத்தால் என்ன?

வழக்கமாக வரும் பதில்: கலைஞர் வந்தால் தெரு உயிர் பெறும், பயணிகள் வருவார்கள், மதிப்பு கூடும். இந்தப் பதில்தான் எனக்குப் பயம் தருகிறது. நியூயார்க்கின் சோஹோவில் காலித் தொழிற்கூடங்களில் கலைஞர்கள் குடியிருக்க 1971-இல் சட்டம் இடம் கொடுத்தது. 'நீ கலைஞன்தான்' என்று நகராட்சியே சான்றிதழ் கொடுத்தது. அவர்கள் போனதால் இடம் அழகானது. அழகானதால் விலை ஏறியது. விலை ஏறியதும், இடத்தை அழகாக்கியவர்களில் பலரால் அங்கே இருக்க முடியவில்லை. ஈப்போவிலும் ஒரு காலத்தில் நாடகக் கலைஞர்கள் தங்கிய கோங் ஹெங் கட்டடத்தின் மாடி இன்று பயணிகள் விடுதி. கட்டடம் பிழைத்தது, நல்லதுதான். கலைஞர்கள் தங்கியது மட்டும் வரலாறாகிவிட்டது.

தோட்டத்தில் வேர் உள்ளவர்களுக்கு இது தெரிந்த கதை. லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. ஆனால் அந்த வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போனது. எங்க பாட்டி சொல்வாங்க, "கையில கத்தி இருக்கற வரைக்கும்தான்யா அது நம்ம வீடு." பால்மரம் போய் செம்பனை வந்தபோது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தபோது, பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் அந்த வாக்கியத்தின் அர்த்தத்தைக் கண்டுகொண்டன. நம் பயனுக்காகத் தரப்பட்ட கூரை, பயன் தீர்ந்ததும் பறிக்கப்படும். கலைஞரைச் சுற்றுலாவுக்காக அழைத்து வந்தால், அவருக்கு நகரத்து நடுவில் ஒரு லயம் கட்டிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

யார் கலைஞர் என்ற கேள்வியும் இங்கேதான் வருகிறது. எனக்குத் தெரிந்த ஓர் உறுமி மேளக் குழு மலிவு விலை அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பழகுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேலே போனால் மேல்வீட்டிலிருந்து சத்தம் வரும், "தம்பி, பிள்ளைங்க படிக்கணும்ப்பா." அவர் சொல்வதும் நியாயம்தான். கடைகள் அடைத்தபின் ஆளில்லாத தெருவில் ஒரு மாடி இவர்களுக்குக் கிடைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கண்காட்சி விவரம், இணையதள முகவரி எல்லாம் கேட்டால் இவர்கள் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார்கள். அதனால் 'நீ எவ்வளவு பெரிய கலைஞன்?' என்று கேட்க வேண்டாம். 'உன் வேலைக்கு இந்த இடம் எவ்வளவு தேவை?' என்று கேட்டால் போதும். அப்படிக் கேட்டால் தையல்கார அக்காவும் பட்டியலில் வருவார். வரட்டுமே.

உரிமையாளர் தன் சொத்தை ஏன் மலிவாக விட வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. தர்மமாகக் கேட்டால் அது அவர் மனம் மாறும்வரைதான் நிற்கும். இதற்கும் தோட்டத்தில் ஒரு பாடம் இருக்கிறது. தோட்டத் துண்டாடல் காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. துண்டாடல் முழுதாக நிற்கவில்லை. ஆனாலும், இருக்கவிடுங்கள் என்று கெஞ்சுவதற்கும் இது எங்கள் பங்கு என்று சொல்வதற்கும் உள்ள தூரத்தை அந்தப் பத்து வெள்ளி காட்டியது.

ஒரு கடைவீட்டு மாடியை இருபது பேர் சேர்ந்து இருபது வருடக் குத்தகைக்கு எடுப்பது கனவல்ல. உரிமையாளருக்கு நிலையான வருமானம், கூரைக்குப் பராமரிப்பு. நகராண்மை பழுதுபார்ப்புச் செலவில் ஒரு பங்கு ஏற்கலாம், அதற்கு ஈடாக வாடகைக்கு வரம்பு கேட்கலாம். இடையில் ஒருவர் ஓவியம் வரைவதை நிறுத்தினாலும், மேளத்துக்குக் கூட்டம் குறைந்தாலும், சாவி அவரிடமே இருக்க வேண்டும். பயணிகள் யாரும் படியேறி வராத நாளிலும் அந்த அறை அவருடையதாக இருக்குமா என்பதுதான் நாம் எழுதும் ஒப்பந்தத்துக்குப் பரீட்சை.