காது உன்கிட்ட!

அக்கா மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை ஆரணியில் எடுக்கலாம், தறியில் ஓடும்போதே பார்த்து வாங்கலாம் என்று வீட்டுப் பெண்கள் முடிவு செய்தார்கள். ஆரணிக்கு மூன்று பெருமைகள் உண்டு: பட்டு, அரிசி, பிரியாணி. அவர்கள் முதலாவதற்காகவும் நான் மூன்றாவதற்காகவும் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

தெரிந்தவர் ஒருவர் நெசவாளர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே குழித்தறியில் கால்களை இறக்கி உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார், முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். காதுகளிலிருந்து ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

“வணக்கங்க” என்றேன். பதில் இல்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை. ம்ஹூம்! நாடா மட்டும் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது.

பின்கட்டிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். “அவனுக்குக் கேக்காது தம்பி. நீங்க உக்காருங்க” என்று சொல்லி, மகனின் தோளைத் தொட்டார். அவர் பதறிப்போய் ஒயரைக் கழற்றினார். கூடத்தில் இருந்தவருக்குக் கேட்காத என் வணக்கம், கொல்லையில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. அப்போது இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெண்கள் புடவையில் மூழ்க, எனக்கு அவர் காதில் இருந்த சமாசாரத்தில் ஆர்வம் வந்துவிட்டது. மேடைப் பாடகர்கள் காதுக்குள் வைத்திருப்பார்களே, ‘இன்-இயர் மானிட்டர்’, அந்த ஜாதி. “இதுக்கு முன்னாடி ரோட்டுக்கடை இயர்போன்தான் சார், நூறு ரூபா. தறிச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டு கேக்கணும்னு ஃபுல்லா வெச்சுடுவேன். ராத்திரி படுத்தா காதுக்குள்ள ‘ஙொய்’னு ஒரு சத்தம். வேலூர்ல காது டாக்டர்கிட்ட போனேன். பாட்டு கேக்குறதை நிறுத்து, இல்லேன்னா காதுக்குச் சரியா பொருந்துற மாதிரி வாங்கி சத்தத்தைக் குறைன்னாரு.”

டாக்டர் சொன்னதில் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்ட விதிப்படி, 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் பாட்டு கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83 என்றால் 20 மணி. 86 என்றால் 10. 89 என்றால் வெறும் 5 மணி நேரம். நான் படித்தது பி.காம். கூட்டு வட்டி எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்று தெரியும். இது காதுக்கான கூட்டு வட்டி. போன காது திரும்பாது என்பதால் தள்ளுபடியும் கிடையாது.

சரி, பொருத்தம் என்றால் என்ன? அவர் ஒரு பழைய டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு டஜன் குட்டிக் குட்டிக் குல்லாய்கள். இயர்போன் முனையில் மாட்டுகிற ‘டிப்’கள். நம்மில் பலர் இயர்போன் வாங்கினால் முனையில் இருப்பதை அப்படியே காதில் திணித்துக்கொள்வோம். பெட்டியில் இருக்கும் மற்ற சைஸ்கள் பீரோ இழுப்பறைக்குப் போய்விடும். ஆனால் காதுக் குழாய் இருக்கிறதே, சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், நேராகவும் போகாது, வளைந்து போகும். ஒருவருக்கே வலது காது ஒரு சைஸ், இடது காது ஒரு சைஸ் என்று இருக்கலாம். டிப் சரியாக அடைக்காவிட்டால் இடைவெளி வழியாக முதலில் கசிவது தபேலா, மிருதங்கத்தின் அடிச் சத்தம். பாட்டு சப்பென்று ஆகும். உடனே வால்யூமைக் கூட்டுவோம்.

பட்டு நூலைத் தடவிப் பார்த்துத் தரம் சொல்கிற விரல்கள் அல்லவா! ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிக் காட்டினார்.

“இது சிலிகான் ரப்பரு. கழுவிக்கலாம், ரொம்ப நாள் உழைக்கும். பாட்டும் பளிச்சுனு இருக்கும். ஆனா வேர்த்தா வழுக்கிக்கினு வந்துடும். வெயில் காலத்துல தறியில உக்காந்தா பத்து நிமிஷம் நிக்காது. இது பாருங்க, மூணு அடுக்கு, கோபுரம் மாதிரி. ஆழமாப் போவும். வெளிச் சத்தத்தை நல்லா அடைக்கும். ஆனா அரை மணி நேரத்துல காது வலி எடுத்துடும். கடைசியா இந்த ஸ்பாஞ்சு. விரல்ல நசுக்கி உள்ளே விட்டு அரை நிமிஷம் புடிச்சுக்கணும். நம்ம காது எப்படி இருக்குதோ அப்படியே உப்பிக்கும். போட்டிருக்கறதே தெரியாது. பாட்டுல சலங்கை, தாளம் மாதிரி சன்னமான சத்தம் கொஞ்சம் மங்கும். சில மாசத்துல மாத்தணும். அவ்ளோதான்.”

நன்றாகப் பொருந்திய ஸ்பாஞ்ச், வெளிச் சத்தத்தை 20 டெசிபலுக்கு மேலேயே குறைக்கும். நானும் ஒன்றை வாங்கிப் புது ஸ்பாஞ்ச் மாட்டிப் பார்த்தேன். தறிச் சத்தம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டது. ஒரு முறுக்கைக் கடித்தேன். என் தலைக்குள்ளேயே ஒரு ஆரணி ரைஸ் மில் ஓடியது! காதை அடைத்தால் நம் சத்தம் நமக்கே பெரிதாகக் கேட்கும். வெளியே யாரும் இல்லாதது போல ஆகும்.

“இப்ப வால்யூம் பாதிகூட வைக்கறதில்ல. ‘ஙொய்’ சத்தமும் குறைஞ்சுடுச்சு” என்றார்.

பிரச்னை தீர்ந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். அப்போதுதான் அந்த அம்மாவின் இடது மணிக்கட்டைக் கவனித்தேன். லேசாகக் கோணியிருந்தது.

ஸ்பாஞ்ச் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்ததாம். மருமகள் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

“மூணு நாலு தடவை கூப்பிட்டேன் தம்பி. அவன் தறி ஓடுற சத்தம் எனக்குக் கேட்டுக்கினே இருந்துது” என்றார்.

முக்கால் மணி நேரம் கழித்து மருமகள் வந்து தூக்கினாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகன் தலையைக் குனிந்துகொண்டு அறுந்துபோகாத ஒரு இழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பிரியாணி இறங்கவில்லை. யார் மேல் தப்பு?

அவர் வேலை நேரத்தில் தூங்கவில்லை, குடிக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டார். தன் காதைக் காப்பாற்றிக்கொண்டார். மட்டமான இயர்போனை அலறவிட்டிருந்தால் காது போயிருக்கும். சரியான டிப் போட்டதால் அம்மாவின் குரல் போனது. இது என்ன நியாயம்? தன் உடம்பைப் பார்த்துக்கொள்வது கடமை. கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதும் கடமை. இரண்டு கடமைகள் ஒரே காது துவாரத்தில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இந்தச் சங்கடம் ஆரணியில் ஆரம்பித்ததல்ல. 1979ல் சோனி நிறுவனம் முதல் வாக்மேனை வெளியிட்டது. அதில் இரண்டு பேர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் இருந்தன. ஆரஞ்சு கலரில் ஒரு பட்டனும் இருந்தது. அதை அமுக்கினால் பாட்டு தணிந்து, ஒரு சின்ன மைக் வழியாகப் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். காரணம், நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா. வீட்டில் சோதித்துப் பார்த்தபோது மனைவி கடுப்பாகிவிட்டார். பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டு கேட்பது மரியாதைக் குறைவு என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் வாங்கியவர்கள் யாரும் அப்படிக் கவலைப்படவில்லை. ஆளுக்கு ஒன்று வேண்டும் என்றார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்த பட்டன் காணாமல் போனது.

மேடைக் கலைஞர்களுக்கும் இதே சிக்கல். 1995ல் ஜெர்ரி ஹார்வி என்கிற ஒலிப் பொறியாளர், வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மருக்காகக் காதுக்குள் பொருந்தும் மானிட்டர்களைச் செய்தார். மேடைச் சத்தத்திலிருந்து காது தப்பித்தது. ஆனால் இந்த வகை மானிட்டரை மாட்டினால் எதிரே ஆயிரம் பேர் கைதட்டினாலும் ஏதோ கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது போல இருக்கும். சிலர் ஒரு காதை மட்டும் கழற்றினார்கள். அது இன்னும் ஆபத்து. ஒற்றைக் காதில் சத்தம் போதாமல் வால்யூமைக் கூட்டிவிடுவார்கள். அதனால் ஜனங்களைப் பார்த்துத் தனியாக மைக் வைத்து, அந்தச் சத்தத்தையும் கலந்து காதுக்கு அனுப்புகிறார்கள். காதை மூடினால், வெளியே கேட்பதற்கு என்று தனியாக ஒரு ஏற்பாடு வேண்டியிருக்கிறது.

“இப்போதெல்லாம் இயர்போனிலேயே அந்த மைக் வந்துவிட்டதே சார்” என்று நீங்கள் சொல்லலாம். வந்துவிட்டது. ஆனால் அதைத் திறந்தால் அம்மா குரலோடு தறிச் சத்தமும் உள்ளே வரும். பிறகு காதை மூடியதற்கு என்ன பலன்?

கேள்வியை நான் தப்பாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று புரிய இரண்டு வாரம் ஆனது. பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பார்கள்: ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாக வேண்டும். ஒருவர் காதை மூடிக்கொண்டால் அந்த நிம்மதி எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். எந்தக் கணக்கிலிருந்து?

வீட்டை நினைத்துப் பாருங்கள். குக்கர் விசில், தண்ணீர் லாரி, வாசலில் கூரியர், பக்கத்து அறையில் மாமனாரின் இருமல், குழந்தையின் சந்தேகத்துக்குரிய மௌனம். நாம் இயர்போனை மாட்டிக்கொள்ளும்போது இவையெல்லாம் நின்றுவிடுவதில்லை. வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருக்கிறது. நம் காது மூடியிருப்பதால் அவர் காது இரண்டு மடங்கு திறந்திருக்கிறது. அதற்கு ரசீதும் கிடையாது, சம்பளமும் கிடையாது. அன்று கொல்லையிலிருந்து என் வணக்கத்தைக் கேட்டு ஓடிவந்த அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அவர் விழுந்த அன்று, அந்த வீட்டுக்கே காதாக இருந்தவர் விழுந்திருக்கிறார். அதனால்தான் கேட்க ஆளில்லை.

திருக்குறளில் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. கற்றவர்கள் சொல்வதைக் கேட்பது பற்றியது அது. கல்லாதவர்களும் களைத்தவர்களும் கொல்லையிலிருந்து கூப்பிடுவதைக் கேட்பதும் ஒரு கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே காதை மூடுவது தப்பில்லை. காசு கொடுத்து, சைஸ் பார்த்து, நன்றாகவே மூடுங்கள். அரைகுறையாக மூடி வால்யூமைக் கூட்டுவதைவிட அது மேல். ஆனால் மூடுவதற்கு முன்னால், நம் பங்குக்கு யார் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, அவருடைய முறை எப்போது வரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஜாக்கெட் துணி விஷயமாகத் திரும்ப ஆரணிக்குப் போக வேண்டியிருந்தது. அதே வீடு. நெசவாளர் இயர்போனை எடுத்தார். மாட்டுவதற்கு முன்னால் உள்ளே பார்த்து, “காது உன்கிட்ட” என்றார். தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி “ம்” என்றார்.

என்ன இது என்று கேட்டேன். அம்மா விழுந்த பிறகும் கொஞ்ச நாள் அவர் பழையபடிதான் இருந்தாராம். “அம்மாவைப் பாத்துக்கோ” என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் காதை மூடிக்கொள்வாராம். நான் புடவை பார்க்க வந்துவிட்டுப் போன மறுவாரம் ஒருநாள் மனைவி பொங்கிவிட்டார்: “என் காது மட்டும் இன்னா, ஊருக்கு நேந்து விட்டதா?” அதிலிருந்து இந்த ஏற்பாடு. மதியம் இரண்டு மணி நேரம் அவருக்கு. சாயங்காலம் ஒரு மணி நேரம் மனைவிக்கு. அப்போது அவர் “காது உன்கிட்ட” என்பார். இவர் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்காருவார், அம்மாவோடு.

“ஒரு மணி நேரம் தறி நின்னா நஷ்டம்தானே?” என்றேன், பி.காம். புத்தி போகாமல்.

“இத்தனை நாளும் அந்த நஷ்டம் இருந்துது சார். அவ கணக்குல இருந்துது” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் இயர்போனை மனைவியிடம் கொடுத்தேன். புது ஸ்பாஞ்ச், அவர் காதுக்குத் தகுந்த சின்ன சைஸ். “ஒரு மணி நேரம் காது என்கிட்ட” என்றேன். சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். அந்த ஒரு மணி நேரத்தில் காலிங் பெல் நான்கு முறை, குக்கர் ஏழு விசில், அப்பா இரண்டு முறை வெந்நீர் கேட்டார். எனக்கு நாக்கு தள்ளிவிட்டது.

முடிந்ததும், “என்ன பாட்டு கேட்டே?” என்றேன்.

“பாட்டா? நான் ஒண்ணுமே போடலையே” என்றார். ஒயரின் மறுமுனை எதிலும் மாட்டாமல் மடியில் கிடந்தது.