எனக்கு முன்னால் மூன்று பேர்

2024 ஆகஸ்டில் ஒரு மதியம், ஆபீஸ் கேன்டீனில் தட்டோடு நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், ஒரு கேன்சலேஷன் வந்திருக்கு. நீங்க கேட்ட அதே வேரியண்ட், அதே கலர். இன்னைக்கே ஓகே சொன்னீங்கன்னா அடுத்த வாரம் டெலிவரி."

ஜனவரியில் புக் செய்த ஹைபிரிட் கார். எந்த வண்டி, எந்த ஷோரூம் என்பது இங்கே முக்கியமில்லை. பத்து மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். ஏழு மாதத்தில் கிடைக்கிறது என்றால் சந்தோஷம்தானே? ஆனாலும் கேட்டுவிட்டேன். "எனக்கு முன்னாடி யாரும் இல்லையா?"

"மூணு பேர் இருக்காங்க சார். அதெல்லாம் பாத்துக்கலாம். நீங்க இன்சூரன்ஸ் நம்மகிட்டயே போட்டு, ஒரு ஆக்சஸரீஸ் பேக் எடுத்துக்கிட்டா போதும். மேனேஜர்கிட்ட நான் பேசிடறேன்."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்தக் கட்டுரை அந்த மதியத்துக்கும் சாயங்காலத்துக்கும் நடுவில் இருந்த நாலு மணி நேரத்தைப் பற்றியது.

ஏன் ஹைபிரிட் என்று நண்பர்கள் கேட்டார்கள். நாங்கள் இருப்பது மந்தைவெளியில் ஒரு பழைய அபார்ட்மென்ட். சார்ஜிங் பாயின்ட் போட அசோசியேஷன் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் முழு எலெக்ட்ரிக் கிடையாது. ஹைபிரிடில் பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மோட்டாரும் பேட்டரியும் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியைப் பேட்டரி திரும்ப எடுத்துக்கொள்ளும். லஸ் கார்னரில் இருந்து பனகல் பார்க் போவதற்குள் எத்தனை முறை பிரேக் பிடிக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இந்த ஊர் டிராஃபிக்குக்கென்றே செய்தது போல இருக்கும்.

ஆனால் தேவைக்கேற்ற அளவு வண்டி வருவதில்லை. 2022 நவம்பரில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸின் உயர்ரக ஹைபிரிட் மாடல்களுக்கு 2023 ஏப்ரலில் முன்பதிவையே நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துத் திறந்து, 2024 மே மாதம் மறுபடி நிறுத்தினார்கள். உற்பத்தி குறைவு, கேட்பவர்கள் அதிகம். அப்படி ஒரு இடத்தில் கியூ உருவாகும். கியூ இருந்தால் பின்வாசலும் இருக்கும்.

இது இந்த ஊருக்குப் புதிதல்ல. லைசென்ஸ் ராஜ் காலத்தில் பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டருக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். டெலிபோனுக்கு ஓ.ஒய்.டி. என்றொரு திட்டம் இருந்தது, கூடுதல் டெபாசிட் கட்டினால் சீக்கிரம் இணைப்பு. இன்றைக்கும் ரயிலில் தட்கல் இருக்கிறது, திருப்பதியில் 300 ரூபாய் தரிசனம் இருக்கிறது. காசு கொடுத்து முன்னால் போவது எல்லாமே தப்பு என்றால் நாம் எல்லோருமே தப்பு செய்தவர்கள்தான். அப்புறம் எனக்கு மட்டும் ஏன் உறுத்தியது?

வேலையில் இருந்து யோசித்துப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள்ளும் கியூ உண்டு. வந்த வரிசையில் போவது ஒரு வகை, முன்னுரிமைப்படி போவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. முன்னுரிமை உள்ளவர்கள் வந்துகொண்டே இருந்தால், கடைசியில் நிற்கும் ஒரு வேலைக்கு முறையே வராது. அதற்கு ஸ்டார்வேஷன் என்று பெயர், பட்டினி. அதற்கான மருந்துக்குப் பெயர் ஏஜிங். காத்திருக்கக் காத்திருக்க அந்த வேலையின் முன்னுரிமை தானாகக் கூடும். இயந்திரத்துக்கே, காத்திருந்ததை ஒரு தகுதியாகக் கணக்கில் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

அந்த மூன்று பேரில் ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் தெரியாது. சனிக்கிழமைகளில் ஷோரூம் சோபாவில் உட்கார்ந்திருப்பார். வேட்டி, அரைக்கைச் சட்டை, மஞ்சப்பையில் புக்கிங் ரசீது. தி.நகரில் இருந்து பஸ்ஸில் வருகிறார் என்று செக்யூரிட்டி சொன்னார். போன் செய்தால் சரியாகப் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம், அதனால் நேரில் வருகிறார். மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வண்டி வரும் கியூவில் நான் ஒரு இடம் தாண்டினால் அவருக்குச் சில வாரங்கள் போகும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நானே அப்படித்தான்டா ஸ்கூட்டர் வாங்கினேன். இன்னொருத்தர் பேர்ல வந்த அலாட்மென்ட். கொஞ்சம் மேல போட்டுக் கொடுத்தேன்."

முதலில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்றியது. பிறகு புரிந்தது, ஒன்றில்லை. அப்பா வாங்கியது ஒருவர் மனசார விற்ற இடம். சட்டப்படி அது சரியா என்பது வேறு கேள்வி. ஆனால் அதனால் பின்னால் நின்ற யாரும் ஒரு அடிகூட நகரவில்லை. எனக்குச் சொல்லப்பட்ட வழியில் இடம் கொடுத்தவர் யாரும் இல்லை. காசு வாங்கிக்கொள்பவர் கியூவில் நிற்காதவர், இழப்பவர்களிடம் கேட்கவே இல்லை.

தட்கலும் பின்னால் இருப்பவர்களைத் தள்ளத்தான் செய்கிறது. ஆனால் அந்த விதி போர்டில் எழுதியிருக்கிறது. அது நியாயமா என்று யாரும் சண்டை போடலாம். 1795இல் எழுதிய 'நிரந்தர அமைதி' நூலின் பிற்சேர்க்கையில் கான்ட் ஒரு சோதனை சொல்கிறார்: பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலை, அதன் நோக்கத்தை வெளியே சொன்னால் செய்ய முடியாமல் போகும் என்றால், அது அநீதி. அவர் பேசியது அரசுகளைப் பற்றி. நான் அதை ஒரு சோபாவுக்குக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை அந்தப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வண்டிய நான் எடுத்துக்கறேன், சீட் கவர் எக்ஸ்ட்ரா வாங்கியிருக்கேன்" என்று சொல்ல முடியுமா?

சென்னையில் இருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கே குடவோலை முறையை விவரிக்கின்றன. ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். விவரம் அறியாத பையன் ஏன்? எடுக்கும் கைக்கு எந்த ஓலை யாருடையது என்று தெரியக்கூடாது. கியூவும் அதே காரியத்தைத்தான் வேறு விதமாகச் செய்கிறது. நீ யார் என்று கேட்காமல், எப்போது வந்தாய் என்று மட்டும் கேட்கிறது. ஷோரூம்காரர் என் முகத்தைப் பார்த்தார், ஐ.டி. கம்பெனி டேகைப் பார்த்தார். அங்கேயே அந்தக் குடம் உடைந்துவிட்டது.

முப்பது லட்ச ரூபாய் கார் வாங்குகிறவர்களின் கியூவில் என்ன பெரிய தர்மம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ரேஷன் கடை வரிசையோடு இதை ஒப்பிட எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இங்கேயும் ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது ஒரே காரியம், அளவுதான் வேறு.

கடைசியாக ஒரு காரணம் கையில் இருந்தது. அப்பாவின் முழங்கால். வாரத்துக்கு இரண்டு முறை அடையாறில் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்குவது அவருக்குப் பெரும்பாடு. ஆம்புலன்ஸுக்கு எல்லோரும் வழி விடுகிறார்களே, தேவை கியூவை விடப் பெரியதில்லையா? உண்மைதான். ஆனால் ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது ரோட்டில் நிற்பவர்கள். "அந்த மூணு பேர்கிட்ட நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாக்க முடியுமா?" என்று ஷோரூமுக்கு போன் செய்து கேட்டேன். "அப்படியெல்லாம் வழக்கம் இல்ல சார்" என்று சிரித்தார்.

அப்பாவிடம் முழங்காலைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "காரு உன்னுது. முட்டி என்னுது. என் முட்டியைக் காரணம் காட்டாத."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வண்டி பெரியவருக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். எனக்குப் பின்னால் இருந்த யாரோ ஒருவர் ஆக்சஸரீஸ் பேக்கோடு எடுத்துப் போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். நான் மறுத்ததால் யாருக்கும் ஒரு நாள்கூட மிச்சமாகாமல் இருந்திருக்கலாம். 'நான் எடுக்காவிட்டால் இன்னொருவன் எடுப்பான்' என்ற வாதத்துக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்த இன்னொருவன் நானாக இருக்க வேண்டாம் என்பது மட்டும்தான் அன்றைக்கு என் கையில் இருந்தது.

கார் டிசம்பரில் வந்தது. அக்டோபர் வாக்கில் ஒரு சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனபோது சோபாவில் பெரியவர் இல்லை. வண்டி கிடைத்ததா, கேன்சல் செய்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த நாலு மாதமும் அப்பா ஆட்டோவில்தான் போனார். ஒவ்வொரு முறையும் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைப்பார். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். முடிவு எடுத்தது நான், காலைத் தூக்கி வைத்தது அவர். எடுத்த முடிவு சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்லும்போது அந்தக் கால்தான் கண்ணில் நிற்கிறது.