ததீசியின் எலும்பும் ஒரு மைல் ஓட்டமும்

ராணுவத்தில் சேர விரும்பும் இளைஞர்களுக்கு நம் தேசத்தில் நடத்தப்படும் தேகப் பரீட்சை, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு விளையாட்டுப் போட்டியைப்போலத் தோன்றினாலும், சற்று நேரம் நின்று கவனித்தால் விளையாட்டுக்குரிய உல்லாசம் அதில் மருந்துக்கும் இல்லை என்பது விளங்கிவிடும். விடியுமுன்பே வந்து வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைக் கூட்டங் கூட்டமாக எழுப்பி ஓடவிடுகிறார்கள், 1.6 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு மைல் தூரத்தை, 5 நிமிஷம் 30 விநாடிக்குள் முடித்தவனுக்கு 60 மதிப்பெண் என்றும், அதற்கு அடுத்த 15 விநாடிக்குள் வந்து சேர்ந்தவனுக்கு 48 என்றும் நெடுங்காலமாக ஒரு கணக்கு வழங்கிவந்திருக்கிறது. ஓட்டத்தில் தேறியவன் கம்பியில் தொங்கி, மோவாய் கம்பிக்கு மேலே வரும்படி 10 முறை எழும்பினால் இன்னும் 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டுவதற்கும், கோணல்மாணலாகச் செல்லும் குறுகிய கட்டையின் மேல் விழாமல் நடப்பதற்கும் மதிப்பெண் கிடையாது, தேறினால் போதும். பிறகு உயரத்தையும் எடையையும் பார்த்து, மூச்சை இழுத்தால் மார்பு 5 சென்டிமீட்டராவது விரிகிறதா என்று நாடா வைத்து அளந்து, கடைசியில் வைத்தியர்களிடம் அனுப்புகிறார்கள். அவர்கள் காது, கண், பல், முழங்கால், பாதம் என்று ஒன்றையும் விடாமல் சோதிக்கிறார்கள்.

இதில் தத்துவ விசாரத்துக்கு என்ன இடம் இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு என்னவோ, சரீரத்தைப் பற்றி நம் முன்னோர்கள் பல நூற்றாண்டுகள் வாதித்த வாதம் முழுவதும் அந்த மைதானத்தில் ஒரு காலை நேரத்துக்குள் திரும்ப நிகழ்வதாகவே படுகிறது. யாக்கை நிலையாதது என்ற உபதேசத்தைப் பாட்டியின் மடியிலிருந்தே கேட்டு வளர்ந்த ஒருவன், என்றைக்கேனும் சாம்பலாகப்போகும் இந்தத் தேகத்தை ஒரு விநாடி முன்னதாக ஒரு கோட்டைத் தாண்டச் செய்வதற்காக மாதக்கணக்கில் பாடுபடுவது தகுமா? தகும் என்றால், அந்தப் பாடு யாரை உத்தேசித்தது?

சரீரத்தை இகழ்வதில் நம் ஞானிகளுக்குச் சளைக்காதவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது. பட்டினத்தாரைப் படித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் போய் நிற்பவனுக்குத் தன் முகத்தைப் பார்க்கவே மனம் கூசும். திருமூலரோ, அந்த எண்ணம் முன்னொரு காலத்தில் தமக்கும் இருந்ததென்று ஒப்புக்கொண்டு, உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்டுகொண்ட பிறகு உடம்பைப் பேணத் தலைப்பட்டதாகச் சொல்லுகிறார். விவேகானந்த சுவாமிகள் 1897-ல் சென்னைக்கு வந்து பிரசங்கம் செய்தபோது, கீதையைப் படிப்பதைக் காட்டிலும் கால்பந்து ஆடினால் இளைஞர்கள் சுவர்க்கத்தை அதிகமாக நெருங்கலாம் என்று கூறிச் சபையோரைத் திடுக்கிட வைத்தார். தசை வலிமை பெற்ற பிறகே கீதையும் நன்றாகப் புரியும் என்பது அவர் கருத்து.

இகழ்ந்தவர்களும் சரி, போற்றியவர்களும் சரி, சரீரத்தை அவனவனுடைய ஆன்ம லாபத்தைக் கொண்டே மதிப்பிட்டார்கள்: முக்திக்குத் தடையென்று கருதியவர்கள் இகழ்ந்தார்கள், துணையென்று கருதியவர்கள் பேணினார்கள். ராணுவ மைதானத்தில் ஓடுகிறவனுடைய நிலைமை இந்த இரண்டிலும் அடங்குவதில்லை. அவன் தன் தேகத்தைப் பழுது இல்லாமல் பேணுகிறான். ஆனால் நூறாண்டு வாழ்வதற்காகப் பேணவில்லை. காய்ச்சல் வராமலும் கால் சுளுக்காமலும் அதை அத்தனை ஜாக்கிரதையாகக் காப்பாற்றிக் கொண்டுபோய், எந்த இடத்தில் அது சிதைந்துபோவதற்கு ஹேது அதிகமோ அந்த இடத்தில் நிறுத்துவதற்கு அனுமதி கேட்கிறான்.

இந்த விசித்திரத்துக்கு நம் புராணங்களில் ஒரு முன்மாதிரி உண்டு. விருத்திராசுரனை எந்த ஆயுதத்தாலும் வெல்ல முடியாமல் தவித்த தேவர்கள், ததீசி முனிவருடைய எலும்பினால் செய்த வஜ்ஜிரம் ஒன்றே அவனைக் கொல்லும் என்று அறிந்து, அவரிடமே போய் அவருடைய உடம்பை யாசித்தார்கள். பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் இந்தக் கதையில் என்னை மிகவும் கவர்ந்தது, முனிவர் உடனே தலையசைத்துவிடவில்லை என்பதுதான். உயிரோடு இருக்க விரும்புகிறவனுக்கு உடம்பைவிடப் பிரியமான பொருள் வேறு உண்டா, சாவின் வேதனை இன்னதென்று உங்களுக்குத் தெரியாதா என்று தேவர்களையே அவர் கேட்கிறார். அதன் பிறகே, எப்படியும் ஒரு நாள் தம்மை விட்டுப் போகப்போகிற வஸ்து இவர்களுக்குப் பயன்படட்டும் என்று யோகத்தில் அமர்ந்து உடலை நீக்குகிறார். சரீரத்தைக் குப்பை என்று நினைத்தவர் அதைக் கொடுத்திருந்தால், குப்பையைக் கொடுத்ததில் என்ன தர்மம் இருக்கிறது? அருமை தெரிந்து கொடுத்ததனால்தான் அது தானமாயிற்று.

கதை வெறும் கதையாக நின்றுவிடவும் இல்லை. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி ஏற்படுத்தப்பட்ட பரம வீர சக்கரம் என்னும் நம் நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள விருதை வடிவமைத்தவர், சுவிட்சர்லாந்திலே பிறந்து, விக்ரம் கானோல்கர் என்ற இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, நம்மில் பலரைக் காட்டிலும் ஆழமாகப் புராணங்களைக் கற்ற சாவித்திரி கானோல்கர் என்ற அம்மையார். அந்த வெண்கலப் பதக்கத்தில் நடுவிலுள்ள அரசாங்க இலச்சினையைச் சுற்றி நான்கு வஜ்ஜிராயுதங்களை அவர் பொறித்தார். ததீசியின் தியாகமே அவர் மனத்தில் இருந்தது. இதுவரை அதைப் பெற்ற 21 பேரில் 14 பேருக்கு அது மரணத்துக்குப் பின்னரே வழங்கப்பட்டது.

ததீசியின் எலும்பு மற்றவர்களுடைய எலும்பைப் போலன்றி வைரம் பாய்ந்திருந்ததற்கு அவர் செய்த தவமும் ஒரு காரணம் என்று கதை சொல்லும். இதைக் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். ஜூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மானிய வைத்தியர், எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு உறுதி பெறுகிறது என்ற உண்மையை 1892-ல் நூலாக எழுதி வெளியிட்டார். ஆனால் அந்த மாற்றத்துக்குக் காலம் வேண்டும். இதயமும் தசையும் சில வாரப் பயிற்சியிலேயே பழகிவிடுகின்றன. எலும்புக்கோ பல மாதங்கள் ஆகின்றன. அறிவிப்பு வந்த பிறகு அவசரம் அவசரமாகத் தார்ச்சாலையில் ஓடத் தொடங்கும் பிள்ளைகளுக்கு, மூச்சு இன்னும் ஓடலாம் என்று சொல்லும்போதே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி கண்டு, அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் நூலிழைபோல் விரிசல் விட்டுவிடுவதற்கு இதுவே காரணம். செம்மண் தரையோ புல்தரையோ கிடைத்தால் அங்கே ஓட வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஓடாமல் இருக்க வேண்டும். தூரத்தைச் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். பலம் ஓடும்போது வருவதில்லை, ஓடிக் களைத்த தசை உறக்கத்தில் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளும்போது வருகிறது. ஆகாரத்திலும் நித்திரையிலும் மிகுதியும் கூடாது, குறைவும் கூடாது என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகிக்கு விதித்த நியமம் இவனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

குமாரசம்பவத்தில் பிரமசாரி வேடம் பூண்டு வந்த சிவபெருமான், கடுந்தவத்தில் மெலிந்துகொண்டிருந்த பார்வதியிடம், உன் உடம்பின் சக்திக்கு உட்பட்டுத்தானே தவம் செய்கிறாய், தர்மத்துக்கு முதற்கருவி அதுவல்லவா என்ற பொருள்பட விசாரிக்கிறார். பரீட்சை செய்ய வந்தவரே அப்படிக் கேட்டார் என்பதைப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டத்துக்கும் ஒரு நிதானம் உண்டு. 400 மீட்டர்ச் சுற்றுப்பாதையில் நான்கு சுற்று என்று வைத்துக்கொண்டால், 5 நிமிஷம் 30 விநாடியில் முடிக்கச் சுற்றுக்கு 82 விநாடியும் அரை விநாடியும் ஆகும். கூட்டத்தின் வேகத்தில் மதிமயங்கி முதற் சுற்றை 70 விநாடியில் ஓடிவிடுகிறவன், சம்பளம் வாங்கிய முதல் வாரத்திலேயே அதைச் செலவழித்துவிட்ட குடும்பஸ்தனைப்போல், மூன்றாவது சுற்றில் கால் கனத்துத் திணறுகிறான். பிறர் முந்துவதைப் பார்த்துக்கொண்டே தன் கணக்கில் ஓடுவதற்கு வேண்டிய மனவடக்கம் காலில் இல்லை. அதை அப்பியாசத்தாலேதான் பெற வேண்டும். இரண்டாவது, மூன்றாவது சுற்றுகளின் வேகத்திலேயே 400 மீட்டரைப் பல முறை, இடையிடையே மூச்சு வாங்க அவகாசம் கொடுத்து, ஓடிப் பழகுவது இதற்கு நல்ல வழி. ஊக்க மருந்து ஊசி போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வருபவன் அகப்பட்டுக்கொள்ளாமல் தேறிவிட்டாலுங்கூட, இல்லாத பொருளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவனாகிறான். மலைமேல் ஒரு நாள் காயப்பட்ட தோழனைச் சுமந்து இறக்க வேண்டியிருக்கும்போது அந்த வாக்குப் பொய்த்துப்போகும்.

இதுவரை சொன்னதற்கு ஒரு பலமான ஆட்சேபம் உண்டு. ததீசி கொடுத்த எலும்பு கோயில் கட்டவா பயன்பட்டது? கொல்வதற்கல்லவா பயன்பட்டது? மேலும் விருத்திரன் சாமானிய அசுரனும் அல்லன். முற்பிறவியில் சித்திரகேது என்ற பக்தனாக இருந்து, போர்க்களத்திலும் பகவானை மறவாமல் தோத்திரம் செய்தவன் என்று அதே பாகவதம் கூறுகிறது. அஹிம்சையைப் பரம தர்மம் என்று பேசும் நாம், ஒரு பிள்ளை கொலைத் தொழிலுக்காகத் தன் உடம்பைத் தயார் செய்வதைத் தவம் என்று சொல்லலாமா?

இதற்கு முழுச் சமாதானம் சொல்லிவிட்டதாக யாராவது கூறினால் நான் அவரை நம்பமாட்டேன். கதை காட்டும் வழியை மட்டும் சொல்லுகிறேன். விருத்திரன் இறந்த பிறகு பிரமஹத்தி என்னும் பாவம் உருவெடுத்து இந்திரனைத் துரத்தியது. அவன் மானஸ ஏரியிலே தாமரைத் தண்டின் நாருக்குள் ஒளிந்துகொண்டு நெடுங்காலம் கிடந்தான். ததீசியை அது அணுகவில்லை. ஆயுதத்தை யார் ஓங்கினானோ, யாருடைய ராஜ்யத்துக்காகப் போர் நடந்ததோ, அவனையே தேடிப் போயிற்று. சிப்பாய் மனம் இல்லாத எலும்பு அல்லன் ஆகையால் அவன் செய்கைக்கு அவனும் ஒரு பங்கு பொறுப்பாளிதான். ஆனால் பெரும்பங்கு இந்திரனுடையது. குடியாட்சியில் இந்திர பதவி வோட்டுப் போடுகிற நம் எல்லோருக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் அக்னிபத் ஏற்பாட்டில், பதினேழரை வயதுக்கு மேல் சேரும் இளைஞர்களை நான்கு வருஷம் வைத்துக்கொண்டு, அவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கு மேற்படாமல் நிலையாக எடுத்துக்கொண்டு, மற்றவர்களை ஒரு தொகையுடன் அனுப்பிவிடுகிறார்கள். ஒருவனுடைய வாழ்க்கையில் சரீரம் மிக நன்றாக இருக்கும் நான்கு வருஷங்களை வாங்கிக்கொண்டவர்கள், பிறகு அவன் என்ன ஆனான் என்று விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இனித் தேறாதவர்கள். தேறுகிறவர்களைவிட அவர்களே எப்போதும் அதிகம். ஓட்டத்தில் தவறியவனுக்கு வயது இருந்தால் மறுபடியும் வரலாம். பிரயத்தனத்தினால் அந்தக் குறை நீங்கக்கூடியது. தட்டையான பாதமோ, நிறங்களைப் பிரித்தறியாத கண்ணோ உடையவனுக்கு எந்தப் பிரயத்தனமும் உதவாது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வைத்துவிட்டுப் போனார்; மைதானத்திலோ இரண்டும் ஒரே நாளில் ஒருவன் மேலேயே வந்து விழுகின்றன. பட்டாளம் இரக்கமற்றது என்று இதனால் சொல்லிவிட முடியாது. தட்டைப் பாதக்காரன் நெடுந்தூர நடையில் பின்தங்கினால், அவனுக்காக நிற்கும் பத்துப் பேருடைய உயிருக்கும் ஆபத்து.

ஆயினும் அளவுகோல் அளப்பது சராசரியைத்தானே தவிர மனிதனை அல்ல என்பதற்கு மேஜர் சோம்நாத் சர்மாவின் சரித்திரமே சாட்சி. ஹாக்கி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை மாவுக்கட்டில் இருந்தது. எந்த வைத்தியரும் அவரைப் போருக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்திருக்கமாட்டார். ஆனாலும் தம் படையோடு போயே தீருவேன் என்று வாதாடிக் காஷ்மீரத்துக்குச் சென்று, 1947 நவம்பர் 3-ஆம் தேதி பட்காமில் எதிரிகளின் பெருங்கூட்டத்தைத் தடுத்து நின்று, கட்டுப்போட்ட கையோடேயே வீரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்து மாண்டார். பரம வீர சக்கரத்தின் முதல் உரிமையாளர் அவரே.

ஆகவே, நீக்கப்பட்டு ஊர் திரும்பும் பிள்ளையை வீட்டிலுள்ளவர்களும் அண்டை அயலாரும் ஒன்றுக்கும் உதவாதவன் என்ற கண்ணோடு பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மாதக்கணக்காக ஓடி, கண்டதைத் தின்னாமல், நேரத்தோடு படுத்தெழுந்து அவன் சேர்த்த ஆரோக்கியம் அவனிடத்திலேயே இருக்கிறது. கொடுக்க வேண்டும் என்று கிளம்பியவனுக்குக் கொடுப்பதற்கு வேறு இடங்களும் உண்டு. நம் நாட்டில் 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் தக்க ரத்த அளவும் உள்ள ஆண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்ததானம் செய்யலாம். தட்டைப் பாதம் அதற்குத் தடையில்லை.