பட்டத்தின் விலையும் பாட்டாளியின் சேமநிதியும்

கல்வியைக் காசு கொண்டு அளக்கலாமா என்னும் வினாவுக்கு, அளக்கலாகாது என்ற விடையே நம்மவர் மேடைகளில் கேட்கப்பட்டு வருகிறது. அழியாச் செல்வம் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவதும் எளிது. நாமும் அவ்விடையையே நெடுநாள் நம்பியிருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மையாருக்கு அதனையே உபதேசமாகவும் வழங்கினோம். அதனால் விளைந்தது யாதென்பதை எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

அவ்வம்மையார் எம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வந்தது சம்பளத்துக்கு மறுநாள். இருபத்திரண்டு ஆண்டு வெளிக்காட்டு வேலை செய்தவர். மகனுக்குத் தனியார் பல்கலைக்கழகமொன்றிலிருந்து சேர்க்கைக் கடிதம் வந்திருந்தது. அரசாங்கக் கடன் போக மீதித் தொகைக்கு ஊழியர் சேமநிதியில் கை வைக்க வேண்டும். மூத்த பெண்ணின் சங்கிலியையும் அடகு வைக்க வேண்டும். “கிராணி ஐயா, எடுக்கலாங்களா?” என்று கேட்டார். “படிப்புக்குச் செய்கிறது ஒரு செலவா அக்கா? தைரியமாய் எடுங்கள்” என்றோம். மனுவையும் நாமே பூர்த்தி செய்து கொடுத்தோம்.

பையன் இரண்டாம் ஆண்டு முடிவில் நின்றுவிட்டான். இப்பொழுது மோட்டார் சைக்கிளில் வீடு வீடாய்ச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். அத்தொழிலில் இழிவு எதுவுமில்லை. ஆனால் கடன் நிற்கிறது, சேமநிதி கரைந்தது, சங்கிலி ஏலத்துக்குப் போயிற்று. உபதேசம் எம்முடையது; பணம் அவருடையது.

பாயா ரும்புட்டில் வசிக்கும் நமக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் அருகிலேயே இருக்கின்றன. டுரியான் துங்காலில் 2000-ஆம் ஆண்டு தோன்றிய அரசாங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்று. 1996-இல் டெலிகோம் பல்கலைக்கழகம் என்ற பெயரில் பிறந்து, பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகமாகிய தனியார் நிலையம் மற்றொன்று. அரசாங்க நிலையங்களில் பெருஞ்செலவைப் பொதுக் கஜானா ஏற்பதால், ஒரு பருவத்துக்குப் பட்டப் படிப்பு மாணவன் கட்டுவது பெரும்பாலும் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளியே. தனியார் நிலையங்களில் பட்டமொன்றுக்குப் பல பதினாயிரம் ஆகும்; மருத்துவமானால் லட்சக்கணக்கில் ஆகும்.

பின் நம் பிள்ளைகள் ஏன் இரண்டாம் வாயிலில் நிற்கிறார்கள்? முழுக் குற்றமும் அவர்களுடையதன்று. மெட்ரிகுலேஷன் இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்திரருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். 10 ஏ பெற்றோர்க்கு இனவேறுபாடின்றி இடமுண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. ஏழு ஏ பெற்ற தோட்டத்துப் பிள்ளைக்கு அவ்வறிவிப்பால் ஆவதென்ன? ஆயினும் நம் குற்றமும் உண்டு. செலவின்றிப் படிக்கத்தக்க ஆறாம் படிவத்தைக் கடினமென்று ஒதுக்குகிறோம். மெர்லிமாவ் பாலிடெக்னிக்கைக் கௌரவக் குறைவென எண்ணுகிறோம். எந்தப் பாடம் எடுப்பதென்று சோதிடரைக் கேட்கிறவர்கள்கூட, அப்பாடம் படித்தவர் எங்கே என்ன சம்பளத்தில் இருக்கிறார் என்று விசாரிப்பதில்லை!

நிற்க. செக்ரோல் எழுதிப் பழகிய கையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்காண்டுக் கட்டணம் 80,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் பையன் வேலைக்குப் போயிருந்தால், 2025-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளி வீதம் 48 மாதத்துக்கு 81,600 வெள்ளி கிடைத்திருக்கும். சாப்பாட்டுச் செலவு படித்தாலும் உண்டு, படிக்காவிட்டாலும் உண்டு. அதனைச் சேர்க்க வேண்டுவதில்லை. ஆக மொத்தம் 161,600 வெள்ளி. பட்டம் பெற்றவனுக்கு மாதம் 3,500 கிடைத்தால், ஆண்டுக்கு அதிகப்படி வரவு 21,600; முதல் திரும்ப ஏழரை ஆண்டாகும். சனி பிடிக்கும் காலமும் அவ்வளவே என்று சோதிடர் கூறுவர்! 2,500-தான் கிடைக்கிறதென்றால் ஏறக்குறைய பதினேழு ஆண்டு. வேலைக்குப் போனவனுக்கு இடையில் கூடும் சம்பளத்தையோ கடன்மேல் ஏறுவதையோ இதில் நாம் சேர்க்கவில்லை. உயர்கல்வி முடித்து வேலையிலிருப்போரில் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தம் படிப்பு வேண்டாத வேலையிலேயே இருப்பதாக நாட்டின் புள்ளிவிவர இலாகாவின் 2024-ஆம் ஆண்டுக் கணக்குக் காட்டுகிறது. ஆகையால் பதினேழு ஆண்டு என்பது வீண் பயமுறுத்தலன்று.

இக்கணக்கில் இன்னொரு வரி உண்டு; அதனை எந்த விளம்பரத் தாளும் அச்சிடுவதில்லை. இரண்டாண்டில் நின்றுவிட்டவனுக்கு 40,000 கட்டணமும் 40,800 கூலியும் போய், வரவுப் பத்தி வெறுமையாய் நிற்கும். 1997 முதல் கடன் வழங்கிவரும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கேட்பது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றே. வட்டிக்கடையோடு ஒப்பிட்டால் அது தருமமே. ஆனால் பட்டமில்லாதவனுக்கும் முதல் முதல்தான்.

இப்படிக் கணக்குப் பார்ப்பது கல்வியை இழிவுபடுத்துவதாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கல்வி வேறு, கணக்கு வேறு என்பது அவர் கட்சி. அவருக்குச் சிதம்பரத்தைக் காட்டுவோம். பர்மா முதலிய நாடுகளில் லேவாதேவி செய்து, காசுக்குக் காசு கணக்கெழுதிய குடும்பத்தின் பொருளால்தான் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அதே பல்கலைக்கழகம் பின்னாளில் நிதி நெருக்கடியில் வீழ்ந்து, 2013-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் அதனை ஏற்க நேர்ந்தது. கல்வி நிலையமே கணக்கின்றி நிற்க முடியாதபோது, லயத்துக் குடும்பம் நிற்குமோ? மேலும், கல்விக்கு விலை பாராதே என்பவர் யாருடைய பணத்தைக் குறித்துப் பேசுகிறார் என்பதை முதலில் கேட்டல் வேண்டும். தம் பணமாயின் அது தியாகம். பிறர் பணமாயின் வெறும் பேச்சு. நாம் பேசிய பேச்சும் அதுவே.

நட்டத்துக்கு அஞ்சி எதனையும் தொடாதிருப்பதும் அறிவன்று. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்டு விற்பனையாகிய தோட்டங்களை வாங்கப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தினார்கள். அதுவும் துணிவுதான். ஆனால் அத்துணிவை ஆயிரக்கணக்கான தோள்கள் சுமந்தன. தோற்றிருந்தாலும் ஒருத்தியின் முதுமை அதனோடு போயிராது. சமூகப் பொருளைக் கொண்டு 2001-இல் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை எழுப்பியதும் அவ்வகையில் ஒரு முயற்சியே. ஆயினும் அங்கும் மருத்துவக் கட்டணம் கூலிக்காரனுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. பிள்ளை ஒருவனுக்காகத் தாய் ஒருத்தி தன் அந்திமக் காலம் முழுவதையும் பணயம் வைக்கும் முறை இன்னும் மாறவில்லை.

தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகாதே என்று நாம் சொல்ல வரவில்லை. அங்கு படித்து முன்னேறியவர் பாயா ரும்புட்டிலேயே உண்டு. முதல் பட்டதாரி வந்தபின் ஒரு வீட்டின் பேச்சே மாறிவிடுவதைக் கண்டிருக்கிறோம். அதற்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. எமது வினா வேறு. மகனின் நான்காண்டுக்கு மகளின் சங்கிலி போகும்போது, அம்மகளை யாராவது ஒரு வார்த்தை கேட்டதுண்டா? ஆண்பிள்ளை படிப்பு முதலீடு, பெண்பிள்ளை படிப்பு செலவு என்று எழுதும் பேரேட்டை நம் வீடுகளில் யார் திறந்து வைத்தார்கள்? அன்று மனு எழுதிய நாமும் அதைக் கேட்கவில்லை.

சென்ற மாதம் அந்த மூத்த பெண்ணே காரியாலயத்துக்கு வந்தாள். ஐந்தாம் படிவத்தோடு பத்து பெரண்டாம் தொழிற்சாலைக்குப் போனவள். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாய்க் கணக்கியல் படிக்க விரும்புகிறாள். மூன்று நிலையங்களின் கட்டணத் தாள்களையும் தன் சம்பளச் சீட்டையும் மேஜைமேல் பரப்பினாள். “பாதியில நிக்க வேண்டி வந்தா எவ்வளவு போகும் அண்ணே?” என்றாள். அவள் தம்பிக்கு அக்கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்றுக்கும் தனித்தனியே போட்டுப் பார்த்தோம். எதில் சேர்வதென்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.