கூட்டுப்புழுவும் வேட்டுவனும்

மதுராந்தகத்திலும் அதன் சுற்றூர்களிலும் மனைப்புறத்தே அரளியும் எருக்கும் வில்வமும் நிற்கக் காணலாம். மூன்றும் சிவபூசைக்கு உரியன. விடியலிற் பூக்கொய்யவும் பத்திரம் பறிக்கவும் செல்வோர், இலையின்கீழ் விரற்கணுவளவில் ஏதோவொன்று தொங்கக் கண்டு, 'இது குளவிக்கூடு. இதனுள்ளே புழு குளவியாகின்றது' எனச் சிறுவர்க்குக் கூறுவதுண்டு. அது குளவிக்கூடன்று, வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு.

எப்பூச்சியினுடையது என்பதை அது பற்றியிருக்கும் செடியே பெரும்பாலும் உணர்த்தும். அரளியிலையின்கீழ் வெள்ளி பூசினாற்போல ஒளிர்ந்து தலைகீழாகத் தொங்குவது வெண்புள்ளிக் கருப்பன். எருக்கிலே பசுமை நிறமும் பொற்புள்ளியும் பெற்றுத் தொங்குவது வெந்தய வரியன். வில்வக்கிளையில் பட்டிழையொன்றை இடைக்கச்சையாகக் கட்டிச் சாய்ந்திருப்பது பெரும்பாலும் எலுமிச்சை அழகி. வில்வமும் எலுமிச்சையும் ஒரு குடும்பத்தன ஆகலின் அதன் புழு இரண்டையும் உண்ணும். வேட்டுவன் கூடோ மண்ணாலாயது.

இவ்விரண்டையும் மயங்குதல் சிறு பிழையெனத் தோன்றும். அன்று. வேட்டுவன் என்னும் குளவி ஒரு புழுவைக் கொணர்ந்து மண்கூட்டில் அடைத்து, இடையறாது ஊதித் தன்னைப்போலாக்கும் என்பது வழிவழி வரும் உவமை. குருவருளால் ஆன்மா சிவமாந்தன்மை எய்துதற்கு இதனை எடுத்துக்காட்டுவர். உண்மையில் நிகழ்வது வேறு. குளவி புழுவைக் கொட்டி, இறவாமலே அசைவற்றிருக்கச் செய்து, தன் முட்டையோடு வைத்து அடைக்கின்றது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சு அப்புழுவை உயிரோடே தின்று வளர்கின்றது. பிரெஞ்சு நாட்டு ஃபாபர் (1823–1915) இத்தகைய குளவிகளின் செயலைப் பல்லாண்டு நோக்கி எழுதிவைத்தார். புழு குளவியாகவில்லை, குளவிக்கு இரையாயிற்று. இதனைக் குருவருளுக்கு உவமையாக இனியும் கூறுதல் தகுமோ?

'ஆன்றோர் கூறியதை மறுத்தல் அபசாரமன்றோ?' எனின், அன்று. அவர் தங்காலத்து உலகவழக்கை உவமையாகக் கொண்டனர். அவர் நாட்டியது பொருளையேயன்றி உவமையையன்று. காண்டல், கருதல், உரை என்னும் அளவைகளால் நிலைபெற்ற சித்தாந்தம் ஒரு குளவியின் முதுகில் ஏறி நிற்பதன்று. கண்ணாற் காணத்தக்க பொருளிற் காண்டலுக்கு மாறாக உரைப்பின், மாணவன் நாளை மண்கூட்டைப் பிரித்துப் பார்த்தவுடன், காணவொண்ணாப் பொருள்பற்றி ஆசிரியன் கூறியதையும் ஐயுறுவான். அவ்விழப்பை எவ்வுவமையாலும் ஈடுசெய்ய முடியாது.

கூட்டுப்புழு இதனினும் நன்கு பொருந்தும்; ஆயினும் முற்றுமன்று. ஒல்லாந்து நாட்டுச் சுவாமர்டாம் 1669-இல் வெளியிட்ட நூலில், பூச்சியின் உறுப்புக்கள் புழுவின் தோலுக்குள்ளேயே அடங்கியிருத்தலை எடுத்துக்காட்டினார். சிறகாகவேண்டிய முளைகள் புழுப்பருவத்திலேயே உள என்பது இக்காலத்து நுண்பெருக்கியாலும் தெளியப்பட்டது. இல்லது தோன்றாது, உள்ளதே வெளிப்படும் என்னும் சற்காரியவாதத்திற்கு, மாயாகாரியமாகிய உடம்பளவில், இஃது ஏற்ற எடுத்துக்காட்டு. ஆன்மாவின் மலநீக்கத்திற்கு இதனைக் கூறுவார் ஓரெல்லையில் நிற்றல் வேண்டும். புழுவுடலிற் பெரும்பகுதி கூட்டினுட் கரைந்து புதிய உடலாகின்றது. ஆன்மா அங்ஙனம் கரைவதுமில்லை, வேறொன்றாவதுமில்லை. பூச்சி தன்னியல்பாலே வெளிப்படும்; ஆன்மாவுக்கோ திருவருளின்றி வெளிப்பாடில்லை.

பெரும்பாலும் எட்டுப் பத்து நாளிற் கூட்டின் தோல் தெளிந்து, சிறகின் நிறம் உள்ளே தோன்றும். இரக்கத்தாற் கூட்டைக் கிழித்து உதவுவார் உளர். அங்ஙனம் வந்த பூச்சி சிறகு விரியாமலே மடிவதுண்டு. அறிந்தோர் அக்கிளையை விடுத்து, அடுத்த கிளையிற் பத்திரம் பறித்துச் செல்வர்.