பூகம்பமும் தர்மமும்

1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பூகம்பம் உலுக்கி ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்ட சில நாட்களுக்குள், திருநெல்வேலியில் பேசிய காந்தியடிகள், தீண்டாமை என்னும் மகாபாவத்துக்கு ஈசுவரன் விதித்த தண்டனையே அது என்றார். பௌதிக விளைவுக்குப் பௌதிகக் காரணமே உண்டு என்று கவி தாகூர் வேதனையோடு மறுத்தார். தொட்டிலில் உறங்கிய சிசு எந்தப் பாவத்தின் பங்காளி என்று எண்ணும்போது என் மனம் தாகூரின் பக்கமே சாய்கிறது. ஆயினும் தர்மத்தின் கேள்வி அத்தோடு முடிந்துவிடுவதில்லை. இடிபாட்டை அகற்றும் நாளில்தான் அது பிறக்கிறது.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் லாத்தூர்ச் சீமையைப் பூகம்பம் தாக்கியபோது உறங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றவை, சேற்றையே பிணைப்பாகக் கொண்டு எழுப்பிய பருத்த கற்சுவர்கள். பின்னர்ப் பல கிராமங்களை வேற்றிடத்துக்குப் பெயர்த்து, நேர்வீதிகளில் வரிசை வீடுகளைப் பிறர் கட்டிக் கொடுத்தார்கள். பாதுகாப்பு வந்தது, பழைய முற்றமும் அண்டை அயலும் போயின.

கட்ச் சீமையிலோ, 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பின், பணம் தவணைகளாகக் குடும்பத்தார் கையிலேயே தரப்பட்டது. பொறியாளர் பார்வையிட்டு ஒப்பிய பின்னரே அடுத்த தவணை. அங்கே 'புங்கா' என்னும் வட்ட வடிவ மண்குடில்கள் பல, மூலையற்ற சுவராலும் இலேசான கூம்புக் கூரையாலும் அதிர்ச்சியைத் தாங்கி நின்றிருந்தன. ஈரமண்ணில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து அவற்றின் உட்சுவரை அலங்கரிக்கும் பெண்ணை அபலை என்றழைக்க எனக்கு வாய் வராது. பெறுகிறவனைக் கர்த்தாவாக்காத தானத்தை நான் தானமென்று கொள்வதில்லை. ஆனால் உரிமைப் பத்திரம் உடையவர்க்கே உதவி என்னும் ஏற்பாட்டில் வாடகைக் குடியினரும் நிலமற்றவரும் கடைசியில் நிற்கிறார்கள். அவர்களை முதலில் எண்ணும் புனர்நிர்மாணத்தையே சமூகத்திடம் கேட்கிறேன்.