எந்தக் காது மீண்டது?

தோல் நடுச்செவிக்குள் புகுந்து வளரும் கொலஸ்டியடோமா, ஒலியைக் கடத்தும் மூன்று சிற்றெலும்புகளையும் அரிக்கக்கூடியது. மூளை வரை பரவும் ஆபத்தும் இருப்பதால், நோயை முற்றாக நீக்குவதே அறுவையின் முதல் நோக்கம். கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான். காதுக்குழாயின் பின்சுவரை எடுத்துவிட்டால் நோய் திரும்புவது குறையும். ஆனால் எஞ்சும் குழியை அவ்வப்போது சுத்தம் செய்யவேண்டும். சுவரை விட்டுவைத்தால் காதின் அமைப்பு கெடாது. ஆயினும் நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி திறக்க நேரலாம்.

அடுத்தது எலும்புச் சங்கிலி. நோயாளியின் பட்டடை எலும்பு நல்ல நிலையில் இருந்தால் அதையே செதுக்கி வைக்கலாம்; அல்லது டைட்டானியத் துண்டு பொருத்தலாம். அங்கவடி எலும்பின் வளைவு மிஞ்சியிருந்தால் குட்டைத் துண்டு, அடித்தகடு மட்டுமே இருந்தால் நெட்டைத் துண்டு. குட்டைத் துண்டே பொதுவாக நல்ல பலன் தருகிறது. ஆனால் அது குறைவாகச் சிதைந்த காதுக்குத்தான் போகிறது! பெருமை துண்டுக்கா, காதுக்கா? எந்த முறை என்பதைக் காதின் நிலையே பெரிதும் தீர்மானிப்பதால், இங்கே காரணத்தைப் பிரித்தறிவது கடினம்.

இதைவிட ஆழமான சிக்கல் அளவுகோலில் இருக்கிறது. காற்றுவழிக் கேட்புக்கும் எலும்புவழிக் கேட்புக்கும் உள்ள இடைவெளி 20 டெசிபலுக்குள் வந்தால் வெற்றி என்பது வழக்கம். உட்செவியே 40 டெசிபல் இழந்த, அதாவது எலும்புவழி அளவு 40 ஆன, ஒருவருக்குக் காற்றுவழி அளவு 55 டெசிபல் என்றால், இடைவெளி 15தான். கணக்குப்படி வெற்றி, அவருக்கோ பேச்சு இன்னும் மங்கல்தான். இந்த முரணுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. இந்தியத் தத்துவ மரபுகளுள் ஒன்றான நியாய தரிசனம் செவிப்புலனைக் காதுத்துளைக்குள் அடங்கிய ஆகாயம் என்கிறது. ஆனால் அறிவது அந்தப் புலனன்று, மனத்தின் வழியே ஆன்மா என்றும் சேர்த்துச் சொல்கிறது. டெசிபல் இடைவெளி புலனின் நிலையைச் சொல்கிறது. அறிபவரின் பயனை அது எட்டுவதில்லை.

பெல்ஃபாஸ்ட் அறுவை மருத்துவர் ஸ்மித்தும் பேட்டர்சனும் 1985இல் முன்வைத்த விதி அறிபவரின் பக்கம் சாய்கிறது. அறுவை செய்த காது 30 டெசிபல் அளவுக்கோ அதற்கும் குறைவான அளவுக்கோ வரவேண்டும். அல்லது இரு காதுகளுக்கும் இடையிலான வேறுபாடு 15 டெசிபலுக்குள் அடங்கவேண்டும். அப்போதுதான் நோயாளி பயனை உணர்வார். மறு காது நன்றாக இருப்பவருக்கு 60 டெசிபலிலிருந்து 40க்கு வந்தது பெரிதாகத் தெரியாது. அவருக்கு இன்னொரு அறுவையைவிடக் காதுக்கருவியே ஏற்றதாகவும் இருக்கலாம். மறு காதின் அளவைத் தராத ஒப்பீட்டாய்வை மட்டும் நம்பி ஒருவருக்கு அறுவை முறையைப் பரிந்துரைப்பது முறையாகாது.